ரத்தப் பரிசோதனை எண்ணாத வெள்ளையணுக்கள்

ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைத்தான். டோட்டல் கவுண்ட், அதாவது வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை, 14,500 என்று இருந்தால் வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: "உள்ளே எங்கோ கிருமி இருக்கிறது." 3,200 என்றால் வேறு தீர்ப்பு: "எதிர்ப்பு சக்தியே இல்லை." முதல் தீர்ப்பைக் கேட்டவர் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் கேட்கிறார். இரண்டாவதைக் கேட்டவர் கஷாயப் பொடியும் சத்து மாத்திரையும் வாங்குகிறார்.

இரண்டும் சில நேரம் சரியாக அமைந்துவிடுவதுண்டு. ஆனால் மாரத்தான் ஓடி முடித்தவருக்கும், பிரசவ வலியில் இருப்பவருக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கும் கிருமி எதுவும் இல்லாமலேயே இந்த எண் ஏறும். டெங்குவில் வைரஸ் ரத்தத்தில் பரவிக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கும். பிறந்த முதல் நாளில் ஆரோக்கியமான குழந்தைக்கே 20,000-ஐத் தாண்டியிருக்கலாம். பெரியவர் ஒருவருக்கு அதே எண் வந்தால் மருத்துவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

அந்த எண் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். அதற்கு, எண்ணப்படுகிறவர்களின் தொழில் என்ன, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

விழுங்குவதே வேலை

1882ஆம் ஆண்டு இத்தாலியின் சிசிலித் தீவில், மெசினா என்ற கடற்கரை ஊரில், எலி மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர் நட்சத்திர மீனின் இளம் உயிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை கண்ணாடி போலத் தெளிவானவை. உள்ளே நடப்பது நுண்ணோக்கியில் அப்படியே தெரியும். தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து சில முட்களை ஒடித்து அவற்றின் உடலில் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, உடலுக்குள் அலைந்து திரியும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. வெளியிலிருந்து வந்த ஒன்றைத் தேடிப் போய்ச் சூழ்ந்து விழுங்கும் செல்கள் உடலுக்குள் இருக்கின்றன என்ற கருத்துக்கு அந்த முட்கள் வழிகாட்டின. 1908இல் பால் எர்லிக்குடன் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றார்.

இப்படி விழுங்கும் தொழிலைச் செய்யும் செல்களை விழுங்கணுக்கள் என்போம். இவற்றில் இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

முதலாவது நியூட்ரோபில். அறிக்கைகளில் சில நேரம் 'பாலிமார்ஃப்' என்று அச்சாகியிருப்பதும் இதுதான். ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் பாதிக்கும் மேல் பெரும்பாலும் இதுவே. எலும்புகளுக்குள் இருக்கும் மென்மையான மஜ்ஜையில் உருவாகிறது. ஒரு வளர்ந்த மனிதரின் மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. ரத்தத்துக்கு வந்தபின் அவற்றின் ஓட்டம் பெரும்பாலும் சில மணி நேரம்தான். பிறகு திசுக்களுக்குள் போகும், அல்லது முதுமையடைந்து அழிக்கப்படும்.

இரண்டாவது மேக்ரோபேஜ். இது அலைவதைவிடக் குடியிருப்பதை விரும்பும் வகை. நுரையீரலின் காற்றறைகள், கல்லீரல், மண்ணீரல், மூளை என்று ஒவ்வோர் உறுப்பிலும் அதற்கேற்ற மேக்ரோபேஜ்கள் நிரந்தரமாக இருக்கின்றன. கிருமி வராத நாட்களிலும் இவற்றுக்கு ஓய்வில்லை. ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். ஆயுள் முடிந்தவற்றை, நொடிக்கு இருபது லட்சம் என்ற கணக்கில், மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோபேஜ்கள் விழுங்கி, அவற்றிலிருந்த இரும்பை எடுத்துத் திருப்பித் தருகின்றன. இவற்றில் ஒன்றுகூட உங்கள் ரத்தப் பரிசோதனையில் எண்ணப்படுவதில்லை.

டெப்போ, சாலையோரம், சாலை

வெள்ளையணுக்களைப் படைவீரர்களாக வர்ணிப்பது பள்ளிப் பாடப் பழக்கம். "வீரர்கள் அதிகம் என்றால் போர் நடக்கிறது, குறைவு என்றால் தோற்கிறோம்" என்ற தவறான முடிவுக்கு அந்த வர்ணனையே நம்மை இழுத்துச் செல்கிறது. மாநகரப் பேருந்துகளை நினைத்துக்கொள்வது இதைவிடப் பயன்படும்.

ஒருவர் முக்கியச் சந்திப்பில் நின்று கடந்து போகும் பஸ்களை எண்ணுகிறார். அவர் எண்ணுவது ஓடும் பஸ்களை மட்டும். டெப்போவுக்குள் கழுவி நிறுத்திவைத்திருக்கும் பஸ்கள் கணக்கில் வராது. டீ குடிக்க ஓட்டுநர் இறங்கிப் போனதால் சாலையோரம் நிற்பவையும் வராது. தெருக்களுக்குள் திரும்பிப் போய்விட்டவையும் வராது.

நியூட்ரோபில்களும் இப்படித்தான். மஜ்ஜை என்ற டெப்போவில், முதிர்ந்து புறப்படத் தயாராக இருப்பவை ரத்தத்தில் ஓடுபவற்றைப் போலப் பல மடங்கு. ரத்தத்துக்கு வந்தவற்றிலும் ஏறக்குறைய பாதி ஓடுவதில்லை. சிறு ரத்தக் குழாய்களின் உட்சுவரில், குறிப்பாக நுரையீரலிலும் மண்ணீரலிலும், ஒட்டியும் மெல்ல உருண்டும் ஒதுங்கியிருக்கின்றன. இவையே சாலையோரத்து பஸ்கள். மீதி, குழாயின் நடுவே விரைந்து ஓடுகிறது. உங்கள் முழங்கைச் சிரையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் சிக்குவது இந்த மீதி மட்டும்தான். ஒரு கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இயல்பு என்று அறிக்கை சொல்வது எல்லா வகை வெள்ளையணுக்களிலும் ஓட்டத்தில் இருப்பவற்றின் கணக்கு.

ஆகவே உற்பத்தி கூடாமலேயே அந்த எண் ஏற மூன்று வழிகள் உள்ளன: சாலையோரம் நிற்பவை ஓடத் தொடங்கலாம், டெப்போக் கதவு திறக்கலாம், தெருவுக்குள் திரும்ப வேண்டியவை திரும்பாமல் சாலையிலேயே சுற்றலாம். புதிதாக ஒரு பஸ்கூட வாங்காமல் சந்திப்பில் எண்ணிக்கை இருமடங்காகலாம்.

ஒரு கிருமி எப்படி விழுங்கப்படுகிறது

1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் எடுத்த ஒரு சிறு நுண்ணோக்கிப் படம் இன்றும் மருத்துவ வகுப்புகளில் காட்டப்படுகிறது. அதில் ஒரேயொரு நியூட்ரோபில், ஒரு ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைத் துரத்துகிறது. கிருமி ஒரு சிவப்பணுவின் பின்னால் நழுவுகிறது. நியூட்ரோபில் அந்தச் சிவப்பணுவை நெட்டித் தள்ளிக்கொண்டு பின்தொடர்கிறது. கிருமி திசை மாறினால் இதுவும் உடனே திரும்புகிறது. கடைசியில் அதன் உடலின் முன்பகுதி நீண்டு கிருமியைச் சூழ, கிருமி உள்ளே போய்விடுகிறது. கண் கிடையாது, மூளை கிடையாது; கிருமியிடமிருந்து கசியும் வேதிப்பொருள் எந்தப் பக்கம் அடர்த்தியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகர்வதுதான் அந்தத் துரத்தல் முழுவதும்.

எதையும் எல்லாவற்றையும் விழுங்கிவிட முடியாது. விழுங்க வேண்டியது எது என்று அடையாளம் தெரிய வேண்டும். ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி போன்ற புரதங்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் பிடிகள் விழுங்கணுவின் மேற்பரப்பில் உள்ளன. தடுப்பூசி ஆன்டிபாடிகளை உருவாக்குவதால் விழுங்கணுவின் வேலை எளிதாகிறது.

உள்ளே போன கிருமி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபடுகிறது. செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும், செரிப்புப் பொருட்கள் நிறைந்த சிறு பைகள் வந்து இதனோடு கலக்கின்றன. கூடவே நியூட்ரோபில் திடீரென்று ஏராளமான ஆக்சிஜனை இழுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடையும், அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் தயாரிக்கிறது. பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிருமியைக் கொல்லும் பொருளும் இதே அமிலம்தான். இதைத் தயாரிக்கும் என்சைம் பச்சை நிறம் கொண்டது. சீழுக்கும் கெட்டியான சளிக்கும் பச்சை சாயல் வருவது இதனால்தான். சளி பச்சையாகிவிட்டது, ஆகவே பாக்டீரியா, ஆகவே ஆன்டிபயாடிக் என்ற பரவலான நம்பிக்கை இங்கேயே உடைந்துபோகிறது. பச்சை நிறம் நியூட்ரோபில்கள் வந்திருப்பதைத்தான் சொல்கிறது. சாதாரண வைரஸ் சளியிலும் அவை வரும்.

பிறவியிலேயே இந்த ஆக்சிஜன் வேதிவினை நடக்காத குழந்தைகள் அரிதாக உண்டு. அவர்களின் நியூட்ரோபில்கள் எண்ணிக்கையில் குறைவில்லை, கிருமியைத் துரத்துகின்றன, விழுங்கவும் செய்கின்றன. கொல்ல மட்டும் முடிவதில்லை. நுரையீரலிலும் கல்லீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வந்துகொண்டே இருக்கும். அறிக்கையில் டோட்டல் கவுண்ட் இயல்பாகவோ அதைவிட அதிகமாகவோ இருக்கும். எண்ணிக்கையும் திறனும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: விழுங்கணுக்களில் நியூட்ரோபில் ஓடும் வகை, மேக்ரோபேஜ் குடியிருக்கும் வகை. ரத்தப் பரிசோதனை ஓடுபவற்றை மட்டும் எண்ணுகிறது. ஒவ்வொரு விழுங்கணுவுக்கும் தேடிப்போதல், அடையாளம் காணுதல், விழுங்குதல், கொல்லுதல் என்று நான்கு படிகள் உள்ளன; எந்தப் படியிலும் தடங்கல் வரலாம், அந்தத் தடங்கல் எண்ணிக்கையில் தெரியாது.

உடல் நெருக்கடியில் இருக்கும்போது

நெருக்கடி என்று இங்கே சொல்வது மனக்கவலையை மட்டுமல்ல. ஓட்டம், விபத்து, அறுவை சிகிச்சை, தீக்காயம், வலிப்பு, பிரசவம், கடும் வலி ஆகிய அனைத்தையும் உடல் ஏறக்குறைய ஒரே விதமாகவே எதிர்கொள்கிறது: முதலில் அட்ரினலின், பிறகு கார்டிசால் என்று இரண்டு ஹார்மோன்கள்.

அட்ரினலின் நிமிடங்களில் வேலை செய்யும். இதயம் வேகமாகத் துடிக்க, ரத்தம் வேகமாகப் பாய, குழாய்ச் சுவரோரம் ஒதுங்கியிருந்த நியூட்ரோபில்கள் பிடி தளர்ந்து ஓட்டத்தில் கலந்துவிடும். சாலையோரம் நின்றவை அனைத்தும் சாலைக்கு வந்த நிலை இது. 1902இலேயே பாஸ்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏறியிருப்பதை ஒரு மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். படியேறி மூச்சிரைக்க ஆய்வகத்துக்குள் நுழைந்து உடனே கையை நீட்டினாலும், ஊசிக்குப் பயந்து கத்தும் குழந்தையிடமிருந்து ரத்தம் எடுத்தாலும் இதே கதை, சிறிய அளவில். சற்று நேரம் உட்காரவைத்து எடுக்கும் ஆய்வகப் பணியாளரிடம் சலித்துக்கொள்ள வேண்டாம்.

கார்டிசாலுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். அது மஜ்ஜையின் கதவைத் திறக்கிறது. முதிர்ந்த நியூட்ரோபில்கள் வெளியே வருகின்றன. சுவரில் ஒட்டவைக்கும் பிடிகளையும் குறைக்கிறது. பிரசவ வலியின்போது எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டுவதற்கும், பெரிய அறுவை சிகிச்சைக்கு மறுநாள் 15,000 இருப்பதற்கும் இந்த இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்து காரணம். இதே நேரத்தில் லிம்போசைட், ஈசினோபில் என்ற மற்ற வெள்ளையணுக்கள் குறையும். வெள்ளையணுக்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டும், அறிக்கையின் 'டிஃபரென்ஷியல்' பகுதியில் ஈசினோபில் பூஜ்யம் என்று இருந்தால் நல்ல விஷயம் என்று நினைத்துக்கொள்கிறோம். உடல் நெருக்கடியில் இருப்பதற்கும் அது ஓர் அறிகுறிதான்.

நீண்ட நாள் நெருக்கடி வேறு விதமானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓய்வின்றி வேலை பார்த்த இளம் மருத்துவர்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த வேலை நாட்களில் அவர்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏறியிருப்பது தெரிந்தது. எலிகளில் செய்த தொடர் சோதனை காரணத்தைக் காட்டியது: ஓயாத நெருக்கடியில் மஜ்ஜைக்குள் வரும் நரம்புகள் நார்அட்ரினலினைச் சுரந்து, ரத்த அணுக்களின் தாய் செல்களையே வேகமாகப் பெருகவைக்கின்றன. இங்கே கூடுவது உற்பத்தியே. அந்த விழுங்கணுக்கள் ரத்தக் குழாயில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டுகளுக்குள் நுழைந்து வீக்கத்தை வளர்க்கும் என்பதுதான் கவலை. எதிர்ப்பு சக்தி 'கூடுவதை' எப்போதும் கொண்டாட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் உண்மையான தொற்றை மருத்துவர் எப்படிப் பிரித்தறிகிறார்? ரத்தத்துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறை இன்றும் உதவுகிறது. முதிர்ந்த நியூட்ரோபிலின் உட்கரு மூன்று நான்கு துண்டுகளாக, மெல்லிய இழையால் இணைந்து தெரியும். பாக்டீரியாத் தொற்று கடுமையாக இருந்தால் தயாராக இருந்தவை போதாமல், இன்னும் துண்டுபடாத, வளைந்த பட்டை போன்ற உட்கருவுடைய இளம் செல்களையும் மஜ்ஜை அனுப்பத் தொடங்கும். செல்லுக்குள் கருநீலத் துகள்கள் தடித்துத் தெரியும். அட்ரினலினும் கார்டிசாலும் மட்டும் காரணம் என்றால் இவை அவ்வளவாகத் தெரியாது. இதனால்தான் 14,500 என்ற எண்ணைவிட, அறிக்கையின் கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு வரிக் குறிப்பை மருத்துவர்கள் முதலில் படிக்கிறார்கள்.

ஸ்டீராய்டு: கூட்டம் சாலையில், வேலை தெருவில் இல்லை

பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் கார்டிசாலின் உறவினர்கள், அதைவிடப் பல மடங்கு வலிமையானவை. இவற்றைச் சாப்பிடத் தொடங்கிய முதல் நாளிலேயே வெள்ளையணுக்கள் 15,000, சிலருக்கு 20,000 வரை ஏறலாம். மூன்று வழிகளும் இங்கே ஒன்றாகத் திறக்கின்றன: டெப்போவிலிருந்து வருகின்றன, சாலையோரத்திலிருந்து கிளம்புகின்றன. முக்கியமாக, தெருவுக்குள் திரும்ப முடிவதில்லை. கிருமி இருப்பது திசுவில். அங்கே போக நியூட்ரோபில் குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு, செல்களுக்கிடையே நுழைந்து வெளியேற வேண்டும். பற்றும் பிடியை ஸ்டீராய்டு குறைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு மேக்ரோபேஜ்கள் எழுப்பும் அபாய அறிவிப்பையும் அடக்குகிறது.

அறிக்கையில் எண்ணிக்கை ஏறியிருக்கும். தொற்றை எதிர்க்கும் ஆற்றல் இறங்கியிருக்கும்.

இதை இந்தியா 2021இல் மிகக் கசப்பாகக் கற்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு ஒரு நல்ல செய்தியைத் தந்திருந்தது: கோவிட் நோயாளிகளில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் கட்டத்தில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டிருந்தது வைரஸைவிட, கட்டுக்கடங்காமல் வந்து குவிந்த நோயெதிர்ப்புச் செல்கள். அவற்றை அடக்கியதால் உயிர் பிழைத்தார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இந்த மருந்தால் பலன் இல்லை. இந்த இரண்டாம் பாதி யார் காதிலும் விழவில்லை. காய்ச்சல் வந்த முதல் நாளே வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் உண்டு.

பிறகு வந்தது கருப்பு பூஞ்சை. இந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் அழுகும் இலைதழைகளிலும் சாதாரணமாக இருப்பவை. நாம் அனைவரும் சுவாசிக்கிறோம். நல்ல நிலையில் உள்ள மேக்ரோபேஜ்கள் வித்துகளை முளைக்கவிடாது. மீறி முளைத்த இழைகளை நியூட்ரோபில்கள் சிதைத்துவிடும். ஸ்டீராய்டு இந்த இரண்டையும் மந்தமாக்கியது. ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். நம் நாட்டில் நீரிழிவு ஏற்கெனவே ஏராளம். சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் நியூட்ரோபில் சரியாக நகர்வதில்லை, விழுங்குவதும் கொல்வதும் தளர்கின்றன. கொல்லும் அமிலத்தைத் தயாரிக்கத் தேவையான ஒரு மூலப்பொருளை, மிதமிஞ்சிய சர்க்கரையை வேறொன்றாக மாற்றும் வேலையில் செல் செலவழித்துவிடுவது அதற்கு ஒரு காரணம். 2021 மே மாதம் தமிழ்நாடு கருப்பு பூஞ்சையைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கண்ணையும் மேல்தாடையையும் இழந்தவர்கள் பலர்.

இதற்காக ஸ்டீராய்டையே விஷம் என்று ஒதுக்குவது மறுமுனை முட்டாள்தனம். ஆஸ்துமாவிலும், சிறுநீரக நோய்களிலும், நோயெதிர்ப்புச் செல்கள் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் போன்றவற்றிலும் அது உயிர்காக்கும் மருந்து. நெடுநாள் சாப்பிடுபவர் தானாக நிறுத்தினால் ஆபத்து. எனக்குக் கோபம் வருவது பெயரில்லாத பொட்டலங்கள் மீதுதான். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் கொடுக்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் வலி பறந்துவிடும். அதைச் சாப்பிடுபவருக்குத் தான் ஸ்டீராய்டு சாப்பிடுவதே தெரியாது. மருத்துவர் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார். பெயர் தெரியாத எந்தப் பொடியைச் சாப்பிட்டிருந்தாலும், அறிக்கையைக் காட்டும்போது அதையும் சொல்லிவிடுவது நல்லது.

சுருக்கமாக: நெருக்கடியும் ஸ்டீராய்டும் நியூட்ரோபில்களை இடம் மாற்றுகின்றன. ஸ்டீராய்டு கூடுதலாக அவற்றைத் திசுவுக்குள் போகவிடாமல் தடுக்கிறது. சர்க்கரை நோய் எண்ணிக்கையைத் தொடாமல் திறனைக் குறைக்கிறது.

கீமோதெரபி: எண்ணிக்கையே உயிராகும் இடம்

இவ்வளவு நேரம் எண்ணிக்கையைக் குறை சொல்லிவிட்டு, அது எல்லாவற்றையும்விட முக்கியமாகும் ஓர் இடத்தையும் சொல்லாமல் விட முடியாது.

புற்றுநோய்க்கான கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. மஜ்ஜை எப்போதும் பெருகிக்கொண்டே இருக்கும் இடம். அதுவும் அடி வாங்குகிறது. சிவப்பணு நான்கு மாதம் வாழ்வதால் உற்பத்தி நின்றாலும் குறை மெல்லத்தான் தெரியும். நியூட்ரோபிலின் வாழ்வோ மிகக் குறுகியது. டெப்போவில் மிச்சம் இருந்தவை ஓடித் தீர்ந்ததும், பொதுவாக மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள், எண்ணிக்கை பாதாளத்துக்குப் போகும். பிறகு மஜ்ஜை மீண்டெழும். பல கீமோதெரபித் திட்டங்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து தருவது இந்த மீட்சிக்காகக் காத்திருப்பதால்தான்.

இங்கே டோட்டல் கவுண்ட் போதாது. நியூட்ரோபில்களை மட்டும் கணக்கிட வேண்டும். மொத்தம் 1,200, அதில் நியூட்ரோபில் 30 சதவீதம் என்றால், 360. ஐந்நூறுக்குக் கீழே போனால் கடுமையான குறைபாடு. அப்போது ஆபத்து பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நம் குடலிலும் வாயிலும் தோலிலும் காலம் காலமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களே ரத்தத்துக்குள் நுழைகின்றன.

கீமோதெரபிக்குப் புதியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். சிவத்தல், வீக்கம், சீழ் ஆகிய தொற்றின் அடையாளங்களில் பெரும்பங்கு நியூட்ரோபில்கள் வந்து சேர்வதால் ஏற்படுபவை. நியூட்ரோபில் இல்லையென்றால் சீழும் இல்லை. நிமோனியா இருந்தும் எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிறுநீர்த் தொற்று இருந்தும் சிறுநீரில் சீழ் செல்கள் தென்படாமல் இருக்கலாம். மிஞ்சும் ஒரே அறிகுறி காய்ச்சல். ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, அது நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி வழி ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. "பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுங்கள், காலையில் பார்க்கலாம்" என்ற வழக்கமான வீட்டு அறிவுரை இங்கே கொல்லும்.

மஜ்ஜையைத் தூண்ட மருந்து உண்டு. நம் உடல் தானாகச் சுரக்கும் ஒரு தூண்டு புரதத்தை, பாக்டீரியாவில் மரபணு மாற்றத்தின் மூலம் தயாரித்து ஃபில்கிராஸ்டிம் என்ற பெயரில் ஊசியாகத் தருகிறார்கள். அமெரிக்காவில் 1991இல் அனுமதி கிடைத்தது. இது இருப்பில் உள்ளவற்றை வெளியேற்றுவதோடு, வளரும் செல்கள் முதிர எடுத்துக்கொள்ளும் நாட்களையும் குறைக்கிறது. முதுகிலும் இடுப்பிலும் எலும்புக்குள்ளிருந்து வலி வரும், பலரும் மிரண்டுபோவார்கள். மஜ்ஜை வேகமாக வேலை செய்வதால் வரும் வலி அது. 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறோம்' என்று சொல்லும் சரக்குகளிடையே, நியூட்ரோபில்களை உண்மையிலேயே கூட்டும் மருந்து இது. ஆரோக்கியமானவருக்கு இதை யாரும் சத்து ஊசியாகப் போடுவதில்லை என்பதையும் கவனிக்கலாம்.

கீமோதெரபி அல்லாத சில மருந்துகளும் அரிதாக நியூட்ரோபில்களைத் துடைத்தெடுத்துவிடும். தைராய்டு மிகையாகச் சுரப்பதற்குத் தரும் கார்பிமசோல் அவற்றில் ஒன்று. அதைச் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், மருந்தை நிறுத்திவைத்து அன்றே ரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

விழுங்கணுக்களை அடக்குவதே சிகிச்சையாகும்போது

காசநோய்க் கிருமியை மேக்ரோபேஜ் விழுங்கிவிடும், கொல்லத்தான் முடியாது. செரிப்புப் பைகள் வந்து கலப்பதைத் தடுத்துக்கொண்டு கிருமி உள்ளேயே வாழும். மேக்ரோபேஜ்களும் மற்ற செல்களும் சுற்றி நின்று அதை ஆண்டுக்கணக்கில் சிறைவைத்திருக்கும். 2019-21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 31 சதவீதத்தினருக்கு இப்படி அடங்கிய தொற்று உண்டு. மூட்டழற்சிக்குத் தரப்படும் இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகள், மேக்ரோபேஜ்களை விழிப்போடு வைத்திருக்கும் ஓர் அறிவிப்புப் புரதத்தைத் தடுக்கின்றன. மூட்டு வீக்கம் இறங்கும், சிறையும் தளரும். ஊசி தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் செய்யச் சொல்வது பில் ஏற்றுவதற்காக அல்ல.

கவுட் என்ற மூட்டுவலியில் கதை வேறு. ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, பெரும்பாலும் கால் கட்டைவிரல் மூட்டில் ஊசி முனைப் படிகங்களாகப் படிகிறது. நியூட்ரோபில்கள் அதை அந்நியப் பொருளாகக் கருதி விழுங்குகின்றன. படிகம் செரிக்காது, சவ்வுப் பை கிழிந்து, கிருமிக்காக வைத்திருந்த அமிலமும் என்சைம்களும் மூட்டுக்குள் கொட்டுகின்றன. போர்வை பட்டாலே உயிர் போவது போன்ற அந்த நள்ளிரவு வலிக்குக் கிருமி காரணமே இல்லை. டோட்டல் கவுண்ட் ஏறியிருப்பதைப் பார்த்து ஆன்டிபயாடிக் தருவதும் நடக்கிறது.

இதற்கான பழைய மருந்து கால்சிசின். நியூட்ரோபிலுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைத்து, அது மூட்டை நோக்கி நகர்வதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இதே கால்சிசின்தான் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். மருந்துத் தயாரிப்புக்காக ஏற்றுமதியாகிறது. மாத்திரையில் அரை மில்லிகிராம் அளவில் தரப்படும் பொருள் கிழங்கில் கணக்கில்லாமல் இருப்பதால், அதைத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள்.

அந்த நஞ்சின் போக்கு மருத்துவமனையில் படிப்படியாகத் தெரியும். முதல் நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு; ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏறியிருக்கும். இந்தக் கட்டத்தில் அறிக்கையை மட்டும் பார்ப்பவர் வயிற்றுத் தொற்று என்று எழுதிவிடக்கூடும். அடுத்த சில நாட்களில் மஜ்ஜை செயலிழந்து எண்ணிக்கை சரியும், பிற உறுப்புகளும் பழுதாகும். உயிர் போவது பெரும்பாலும் இந்த வாரத்தில்தான். பிழைத்தவர்களுக்கு எண்ணிக்கை மறுபடி ஏறி, இயல்பையும் தாண்டும். அப்போது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கும். ஆனால் அந்தமுறை எண் ஏறியிருப்பது மஜ்ஜை மீண்டுவிட்டதால்.